அகன்ற படமும் ஓரத்து முகங்களும்

நமது அறையிலுள்ள மர அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய பிலிம் கேமரா ஒன்று இருக்கின்றது. உடலும் பிளாஸ்டிக், லென்சும் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் வெறும் சோப்புப் பெட்டியைத் தூக்குவது போலிருக்கும். 1999-ஆம் ஆண்டு, வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்து விடுமுறையில் ஊர் திரும்பிய பங்கு இளைஞர் ஒருவர் அதனை நமக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். விலை என்னவென்று கேட்டோம். "அத விடுங்க சாமி, அங்க ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்" என்று சிரித்தார்.

அக்கேமராவின் முதுகில் ஒரு சிறு விசை உண்டு. அதனை ஒரு பக்கம் தள்ளினால் வழக்கமான படம். மறுபக்கம் தள்ளினால் 'பனோரமா' என்னும் அகன்ற காட்சிப் படம். அந்த விசையை நம்பி நாம் செய்த பிழை ஒன்று உண்டு. அப்பிழையைப் பின்னர் அதே கேமராவைக் கொண்டு ஓரளவு திருத்திக்கொள்ளவும் கற்றோம். வாசகர்களின் வீடுகளிலும் இத்தகைய கேமராக்கள் பரண்மீது உறங்கிக் கொண்டிருக்கக்கூடும். ஆகவே அந்த அனுபவத்தை ஈண்டு எழுத விழைகின்றோம்.

ஒரு ஞாயிறு காலை

அப்பொழுது நாம் குருப்பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. கடலோரத்துச் சிறிய பங்கு. கோவிலோ நூறு ஆண்டுகளைத் தாண்டியது. உப்புக்காற்று சுவர்களை அரித்துவிட்டது. இனிப் பழுதுபார்ப்பதில் பயனில்லை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே வழி என்று பொறியாளர்கள் கூறிவிட்டனர். இடிக்குமுன் பங்கு மக்கள் அனைவரும் பழைய கோவிலின் முன்னே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேரவையில் தீர்மானித்தோம். நகரிலிருந்து படக்காரரை வரவழைக்கப் பணம் செலவாகும். நம்மிடமோ புதிய கேமரா இருந்தது. அதிலும் அகன்ற படம் எடுக்கும் விசை!

அன்று திருப்பலி முடிந்ததும் ஏறத்தாழ முந்நூறு பேர் முற்றத்தில் கூடினர். உபதேசியார் அவர்களை நான்கு வரிசைகளாக நிறுத்தினார். பேரவை உறுப்பினர்களும் புதிய கோவிலுக்கு நன்கொடை அளித்தவர்களும் நடுவில், பாடகர் குழு அவர்களுக்கு அடுத்து, மற்றவர்கள் இருபுறமும். நாற்பது ஆண்டுகளாகக் கோவிலையும் முற்றத்தையும் பெருக்கி வந்த மூதாட்டி ஒருவர் அப்பங்கில் இருந்தார். படம் எடுக்கப் போகின்றார்கள் என்று அறிந்து, விடியுமுன்பே வந்து அந்த முற்றம் முழுவதையும் பெருக்கியவர் அவரே. எல்லாரும் நின்ற பின்னர், துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, இடப்பக்கக் கோடியில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

முந்நூறு பேரையும் கண்ணாடிக்குள் அடக்குவதற்காக நாம் ஏறத்தாழ 90 அடி பின்வாங்கி, மதிற்சுவரில் முதுகு முட்ட நின்றோம். விசையைப் பனோரமாப் பக்கம் தள்ளினோம். பாதுகாப்புக்காக இரண்டு முறை எடுத்தோம். அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் கோவில் இடிக்கப்பட்டது.

படம் கழுவி வந்தபொழுது 10 அங்குல நீளம், மூன்றரை அங்குல உயரத்துடன் பார்வைக்குக் கம்பீரமாகவே இருந்தது. உற்றுப் பார்த்த பின்னரே நெஞ்சு கனத்தது. கோபுரம் மணிக்கூண்டுக்குக் கீழேயே வெட்டுப்பட்டிருந்தது. உச்சியிலிருந்த சிலுவை படத்தில் இல்லை. நடுவில் நின்றவர்களின் முகங்கள் கடுகளவே இருந்தபோதிலும் இன்னார் என்று சொல்ல முடிந்தது. இரு ஓரங்களிலும் நின்றவர்களோ, மழைத்துளி விழுந்த மை எழுத்துப் போலக் கலங்கித் தெரிந்தனர். இடக்கோடியில் ஒரு வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அம்மூதாட்டி இறந்துபோனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய பேரன் நம்மிடம் வந்தான். "சாமி, ஆச்சி படம் ஒண்ணு வேணும். வீட்ல வைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. கோவில் முன்னால நின்னு எடுத்தீங்கல்ல, அதுல இருந்து பெருசாக்கித் தாங்க" என்றான். வாக்காளர் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த நாளில் அவர் ஊரில் இல்லையாம். நாம் எடுத்த படமே அவருடைய வாழ்நாளின் ஒரே படம்.

விசைக்குப் பின்னால் இருந்தது

நெகட்டிவை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரத்திலுள்ள ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவரிடம் சென்றோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேமராவின் முதுகைத் திறந்து, அந்த விசையை இருபுறமும் தள்ளிக் காட்டினார். அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று.

வழக்கமான 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அந்த விசையைத் தள்ளியதும் மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகள் வந்து பிலிமை மறைத்தன. நடுவில் 13 மி.மீ. உயரமுள்ள பட்டை மட்டுமே எஞ்சியது. அகலமோ முன்பிருந்த அதே 36 மி.மீ.தான், ஓர் இழைகூட மிகுதியாகவில்லை. பிலிமின் பரப்பில் 46 விழுக்காடு வெளிச்சமே படாமல் வீணாகிவிட, மிச்சமிருந்த பட்டை 10 அங்குலத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. அஃதாவது ஏழு மடங்கு. சாதாரண அஞ்சலட்டை அளவுப் படத்தில் பெரிதாக்கம் நான்கு மடங்கைச் சற்றே தாண்டும். எனவே கலங்கல் மேலும் பெரிதாகத் தெரிந்தது. தடுப்பை விலக்கி எடுத்திருந்தால் கோபுரமும் சிலுவையும் அதே இடத்திலிருந்து முழுமையாக விழுந்திருக்கும்! வெளிச்சம் படாத பிலிமிலிருந்து எந்தக் கைதேர்ந்த கலைஞராலும் எதையும் மீட்க இயலாது.

இவ்வகைக் கேமராக்களின் வரலாறு மிகப் பழையதன்று. ஒருமுறை பயன்படுத்தி அப்படியே கழுவக் கொடுத்துவிடும் கேமராவை ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1986-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1989-இல் கோடக் நிறுவனம் 'ஸ்ட்ரெச் 35' என்னும் பெயரில் அகன்ற படத்துக்கென்றே ஓர் ஒற்றைப் பயன்பாட்டுக் கேமராவை வெளியிட்டது. அதற்குப் பின் 1990-களில், தடுப்பு விசை வைத்த மலிவான பிளாஸ்டிக் கேமராக்கள் உலகெங்கும் பரவின. 1996-இல் வந்த ஏ.பி.எஸ். பிலிம் முறையிலும் அகன்ற படம் ஒரு தெரிவாக இருந்தது. அங்கும் படத்தின் மேலும் கீழும் வெட்டியே அகலம் காட்டப்பட்டது. அந்தப் பிலிமின் உற்பத்தி 2011-இல் நின்றுபோயிற்று.

ஓரங்கள் ஏன் கலங்கின என்பதையும் ஸ்டூடியோ உரிமையாளரே விளக்கினார். விலையுயர்ந்த லென்சு பல கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து அமைந்தது. மையத்தில் விழும் ஒளியையும் ஓரத்தில் விழும் ஒளியையும் ஏறத்தாழ ஒரே கூர்மையுடன் பிலிமில் சேர்க்க வல்லது. ஓரிரு பிளாஸ்டிக் வில்லைகளால் ஆகிய லென்சோ மையத்தில் மட்டுமே தெளிவு காட்டும்; ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கும், இருளும். பனோரமாத் தடுப்பு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெட்டிவிட்டு, மிகவும் கலங்கிய இடது வலது ஓரங்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கின்றது. அந்த ஓரங்களில்தான் நாம் அம்மூதாட்டியையும் அவரைப் போன்ற பலரையும் நிறுத்தியிருந்தோம்.

"இந்தக் கேமராவுல நடுவுல நிக்கிறவங்கதான் சாமி விழுவாங்க" என்றார் அவர். தொழில் நுட்பமாகத்தான் சொன்னார். நமக்கு அது வேறுவிதமாகக் கேட்டது.

ஒட்டிச் சேர்த்த முன்னோர்

அதன் பின்னர் அகன்ற படங்களைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். 'பனோரமா' என்பது கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்ட சொல்; 'பான்' என்றால் அனைத்தும், 'ஹோராமா' என்றால் காட்சி. புகைப்படம் பிறப்பதற்கு முன்பே இச்சொல் பிறந்துவிட்டது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக அமையும் ஓவிய முறைக்கு 1787-இல் காப்புரிமை பெற்றார். 1793-இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் அருகே அதற்கென்றே ஒரு வட்ட மண்டபத்தைக் கட்டினார். மக்கள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, நடுமேடையில் நின்று, சுற்றிலும் திரும்பித் திரும்பித் தொலைதூர நகரங்களைக் கண்டு வியந்தனர்.

அம்மண்டபத்தின் பிற்கால வரலாறு கத்தோலிக்கராகிய நமக்குச் சுவையானது. 1865-இல் மாரிஸ்ட் சபைக் குரு சார்லஸ் ஃபோர், இலண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கருக்காக அக்கட்டடத்தை வாங்கினார். 1868-இல் அது பிரான்சு நாட்டு அன்னை மரியாவின் பெயரால் ஆலயமாகத் திறக்கப்பட்டது. 1940-இல் போர்க்கால வெடிகுண்டால் சேதமுற்று, 1955-இல் மீண்டும் எழுந்தபோதும் வட்ட வடிவையே கொண்டது. உள்ளே ழான் கொக்தோ 1959-இல் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. காட்சிக்காகக் கட்டணம் செலுத்திக் கூடிய அந்த வட்டத்தில் இன்று திருப்பலி நடைபெறுகின்றது.

புகைப்படக் கலை வந்த பின்பு, அகன்ற காட்சி வேண்டியவர்கள் செய்தது எளிமையானது: பல படங்களை எடுத்து ஓரத்தோடு ஓரம் ஒட்டினர். இதற்குத் தலைசிறந்த சான்று நமது தஞ்சையிலேயே உள்ளது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டுகளைச் சிறிது சிறிதாக நகர்ந்து படம் பிடித்தார். அப்படங்கள் 21-ஐ ஒட்டிச் சேர்த்தபோது, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று. அடுத்து வந்த ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன், புகைப்படம் அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதியதால் டிரைப்பின் பணி 1860-இல் முடிவுக்கு வந்தது. ஆடம்பரம் எனப்பட்ட அப்படச்சுருள் இன்று விலைமதிக்க ஒண்ணாத ஆவணம்.

அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் குன்றொன்றில் நின்று, சுற்றிலும் திரும்பி 13 பெரிய படங்களை எடுத்து, 17 அடி நீளத்தில் முழு நகரையும் ஒரே வட்டமாகச் சேர்த்தார். 13 படங்களுள் ஒன்றில் மட்டும் நிழல்கள் மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. அதனைச் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்திருக்கின்றார் என்பதை அந்நிழல்களே காட்டிக் கொடுக்கின்றன. 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் அந்நகரின் பெரும்பகுதியை அழித்தன. இன்று அப்பழைய நகரை வீடு வீடாகக் காண வேண்டுவோர் அந்த 13 படங்களையே நாடுகின்றனர்.

பள்ளி, படை, மாநாடு ஆகியவற்றின் நீண்ட குழுப்படங்களுக்காக 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சர்க்கட்' கேமரா வேறு வழியில் சென்றது. கடிகாரம் போன்ற பொறி கேமராவை மெல்லச் சுழற்ற, உள்ளே பிலிம் ஒரு குறுகிய பிளவின் பின்னால் ஓடும். கேமரா இடக்கோடியைக் கடந்தவுடன் குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் பின்புறமாக ஓடிச் சென்று வலக்கோடியில் நின்றுகொள்வான். படத்தில் இரண்டு முறை விழுவான். இக்குறும்பு அந்நாட்களில் பள்ளிப் படங்களில் பெயர்பெற்றது. ஆனால் நமது கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. சர்க்கட் கேமராவின் முன் மக்களை நேர்க்கோட்டில் நிறுத்தமாட்டார்கள். கேமராவை நடுவாகக் கொண்டு வில்போல் வளைத்து நிறுத்துவார்கள். அப்பொழுது ஒவ்வொருவரும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் நிற்பர். படத்திலும் நேர்வரிசையாகவே, ஒரே அளவினராகத் தோன்றுவர்.

மலிவே துணையான இடம்

2006-ஆம் ஆண்டு வேறொரு பங்கில் பணியாற்றினோம். அங்கும் பங்கு மக்கள் அனைவரையும் படம் எடுக்கும் வாய்ப்பு வந்தது. அங்கும் ஏறத்தாழ முந்நூறு பேர். அந்தப் பழைய பிளாஸ்டிக் கேமராவையே கையில் எடுத்தோம். ஆனால் விசையைத் தொடவில்லை.

முதலாவது, நிற்கும் முறை. முற்றத்தின் நடுவில் ஒரு முளையை அடித்து, 36 அடிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்பை வைத்து அரைவட்டம் வரைந்தோம். நான்கு வரிசை, வரிசைக்கு 75 பேர், ஆளுக்கு ஒன்றரை அடி. கணக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது. முன்பு 90 அடிக்கு அப்பால் நின்ற கேமரா இப்பொழுது அனைவருக்கும் 36 அடி அருகே வந்துவிட்டது. அதனால் பிலிமில் ஒவ்வொரு முகமும் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாயிற்று. அரைவட்டத்தில் நிற்பவர்களுக்குள் யாரை நடுவில் நிறுத்துவது என்ற பேச்சும் எழவில்லை.

இரண்டாவது, திரும்பும் முறை. முளையிருந்த இடத்தில் உயரமான முக்காலி ஒன்றை வைத்து, அதன்மேல் காகிதம் ஒன்றை ஒட்டினோம். பள்ளிச் சிறுமி ஒருத்தியின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை வாங்கி, 30 பாகைக்கு ஒரு கோடாக ஆறு கோடுகள் வரைந்தோம். கேமராவைக் கிடையாகப் பிடிக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். அதன் 28 மி.மீ. லென்சு நெட்டாக நிறுத்தினால் 46 பாகை அகலத்தைக் காணும். உயரத்தையோ முழுமையாகக் காணும். 30 பாகைக்கு ஒரு படம் என்று எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் விழும். இந்த ஒன்றன்மேலொன்று விழும் பகுதியே முழு வேலைக்கும் உயிர்நாடி. கலங்கிய ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் தெளிவான நடுப்பகுதியை மட்டும் எடுத்து ஒட்டலாம். ஒரு படத்தில் ஓரத்தில் நிற்பவர் அடுத்த படத்தில் நடுவுக்கு வந்துவிடுகின்றார். அரைவட்டத்தின் இரு கோடியில் நிற்பவரையும் விட்டுவிடாமல், முதற்கோடும் கடைசிக்கோடும் அவர்களையே நேராக நோக்குமாறு அரைவட்டத்தைச் சற்றுக் குறுக்கிக்கொண்டோம்.

நம் கண்களும் இவ்வாறே பார்க்கின்றன. இரு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ அரைவட்ட அளவுக்குக் காட்சியை உணர்ந்தாலும், கூர்மையாகக் காண்பது கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அளவே. மற்றவற்றைக் கண்ணைத் திருப்பித் திருப்பித்தான் அறிகின்றோம்.

மூன்றாவது, திரும்பும்போது கேமராவின் உடலை அச்சாகக் கொள்ளாமல் லென்சையே அச்சாகக் கொண்டு திரும்ப வேண்டும். காரணத்தை வீட்டிலேயே சோதித்து அறியலாம். விரலை முகத்துக்கு நேரே பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடினால், பின்னாலுள்ள சுவரின் மேல் விரல் இங்குமங்கும் தாவும். லென்சு இடம்பெயர்ந்தால் அருகிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் அவ்வாறே விலகிப்போகும், ஒட்டும்போது பொருந்தா.

நான்காவது, ஒளி. அரைவட்டமாக நிற்போரில் சிலர் கதிரவனை நோக்குவர், சிலர் அதற்கு முதுகு காட்டுவர். எனவே மெல்லிய மேகம் படர்ந்த, நிழல் விழாத காலையைத் தேர்ந்தோம். மைபிரிட்ஜின் பிசகிய நிழல் நினைவிலிருந்ததால், ஆறு படங்களையும் இரண்டு நிமிடங்களுக்குள் எடுத்து முடித்தோம்.

இவ்விடத்தில்தான் கேமராவின் மலிவு நமக்குத் துணையாயிற்று. விலையுயர்ந்த தானியங்கிக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை அளந்து, துளையையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளும். வெள்ளைச் சேலைகள் நிறைந்த பகுதியை ஒரு விதமாகவும் கருநிற மரநிழலை வேறு விதமாகவும் பதியும். ஒட்டினால் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். நமது பிளாஸ்டிக் கேமராவுக்கோ மாற்றிக்கொள்ளத் தெரியாது. ஒரே துளை, ஒரே வேகம், ஒரே குவியம். ஆறு படங்களும் ஒரே கண்ணால் பார்க்கப்பட்டவை போல் அமைந்தன. ஆனால் பிரிண்ட் போடும் இயந்திரமும் தானாக ஒளியைத் திருத்தும் இயல்புடையது. ஆறு நெகட்டிவ்களையும் ஒரே அளவீட்டில் போடும்படி ஸ்டூடியோவில் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

120 ரக பிலிம் ஏற்கும் மலிவுக் கேமரா வைத்திருப்போர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 1982-இல் ஹாங்காங்கில் தோன்றிய 'ஹோல்கா' இதற்குப் பெயர்பெற்றது. அதன் முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தில் எண்ணைப் பார்த்துக் கையாலேயே பிலிமைச் சுற்ற வேண்டும். சுற்றி முடிக்குமுன் அழுத்தினாலும் தடுக்காது. 12 படங்களுக்குரிய சதுரச் சட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு, 16 படங்களுக்குரிய எண்களின்படி சுற்றினால், படங்கள் ஒன்றன் ஓரம் ஒன்றன்மேல் ஏறி, பிலிமிலேயே இடைவெளியற்ற நீண்ட காட்சியாகிவிடும். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். காட்சிக்கு இது அழகு. ஆனால் ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முகங்களைக் காக்க வேண்டிய படத்துக்கு வெட்டி ஒட்டும் முறையே தகுந்தது.

மூன்றடி நீளப் படம்

ஆறு நெகட்டிவ்களையும் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, எஃகு அளவுகோலும் புதிய பிளேடும் கொண்டு, ஒருவர் முகத்தின் குறுக்கே வெட்டு விழாதபடி இரண்டு ஆட்களுக்கு இடைப்பட்ட இடத்தில் வெட்டி, தடித்த அட்டையில் ஒட்டினோம். ஏறத்தாழ மூன்றடி நீளம், ஓரடி உயரம். பழைய படத்தில் கடுகளவாக இருந்த முகம் இதில் மிளகளவாயிற்று. அம்மிளகில் கண்ணும் மூக்கும் சிரிப்பும் தெரிந்தன. இடக்கோடி முதல் வலக்கோடி வரை தெரிந்தன.

குறைகள் இல்லாமலில்லை. மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் இடையே பிலிமைச் சுற்றும்போது முக்காலி சற்று அசைந்திருக்கின்றது. கோவில் படிக்கட்டு அவ்விடத்தில் ஓர் இழை உடைந்து தெரிகின்றது. தாய் ஒருத்தி குழந்தையை இழுப்பதற்காகத் திரும்பிவிட்டாள். நல்ல வேளையாக அவள் அடுத்த படத்திலும் இருந்ததால் முகம் தப்பியது. சர்க்கட் கேமராக் காலத்துக் குறும்பை யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கண்டுபிடித்தான்: இரண்டாம் படத்தில் தாத்தாவின் அருகே நின்றவன், வரிசையின் பின்புறமாக ஓடி, ஐந்தாம் படத்தில் அத்தையின் அருகே பல்லெல்லாம் தெரிய நிற்கின்றான். அவனை வெட்ட மனம் வரவில்லை. கடைசிப் படத்துக்குமுன் உபதேசியாரை அழைத்துக் கேமராவை ஒப்படைத்துவிட்டு, நாமும் ஓடிச் சென்று வலக்கோடியில் நின்றுகொண்டோம். அவனைக் கண்டிக்கும் தகுதி நமக்கு ஏது!

அப்படம் அப்பங்கு இல்லத்தில் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகள் வைத்திருக்கும் அலமாரிக்கு எதிரே மாட்டப்பட்டது. அட்டையின் பின்புறம் ஒவ்வொருவருடைய பெயரையும் இடமிருந்து வலமாக, வரிசைவாரியாக எழுதி வைத்தோம். அதன் பின்னர் அங்கிருந்து மாற்றலாகி வந்தோம். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு திருவிழாவுக்காக அங்கே சென்றபோது, குடும்பத்தில் யாரேனும் இறந்தால் உறவினர்கள் அப்படத்தைத் தேடி வருவதாகவும், அந்தப் பகுதியை மட்டும் மறுபடம் எடுத்துச் செல்வதாகவும் இன்றைய பங்குத்தந்தை கூறினார்.

வாசகர்களுக்கு

பிலிம் இன்றும் உற்பத்தியாகின்றது. ஆயினும் விலை ஏறிவிட்டது, கழுவித் தரும் நிலையங்களும் சிற்றூர்களிலிருந்து மறைந்துவிட்டன. கைப்பேசியைக் கிடையாக நகர்த்தினாலே அகன்ற படம் கிடைக்கும் காலம் இது. அதற்குள் நடப்பதும் டிரைப்பும் மைபிரிட்ஜும் செய்த அதே ஒட்டுவேலைதான். கையால் செய்ததைக் கணிப்பொறி செய்கின்றது. எனவே நாம் கூறிய விதிகள் அதற்கும் பொருந்தும். அடுத்த குடும்பத் திருமணத்திலோ பங்குத் திருவிழாவிலோ உறவினர்களைப் படம் எடுக்கும்போது, நேர்க்கோட்டில் நிறுத்திப் பின்வாங்கிச் செல்லாதீர்கள். ஒரு கயிற்றை எடுங்கள், வில்லாக வளைத்து நிறுத்துங்கள், அருகே நின்று மெல்லத் திரும்புங்கள். சமையலறையில் இருப்பவர்களையும் பந்தி பரிமாறுபவர்களையும் அழைத்த பின்னரே தொடங்குங்கள். எடுத்ததைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டுப் பின்புறம் பெயர்களை எழுதி வையுங்கள்.

1999-ஆம் ஆண்டுப் படத்தையும் நாம் எறிந்துவிடவில்லை. அந்தப் பேரனுக்கு அன்று வெறுங்கையையே விரித்தோம். வெள்ளைச் சேலை மட்டும் தெரியும் அத்துண்டைப் பெரிதாக்கித் தரவா என்று கேட்டதற்கு, சற்று நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம் சாமி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் சென்ற பின்னர், படத்தின் பின்புறம் இடக்கோடியில் ஓர் அம்புக்குறியிட்டு அவருடைய பெயரை எழுதினோம். அம்முற்றத்தை அன்று காலை பெருக்கியவர் அவர் என்பதையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்திருக்கின்றோம்.